வாரிசு வேலை

அன்று பகல் என் கணவர் அன்புமணி பழைய சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டே மகளிடம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டாவது ஷிப்ட். எழில்மொழி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் தட்டில் நான் வைத்த மோர் மிளகாயில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிளஸ் டூ முடித்திருந்தாள். தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஐந்து வருடப் படிப்பு. விடுதியும் சாப்பாடும் சேர்த்து நாலு லட்சம் ஆகும். பாங்கில் கடன் வாங்கினால்தான் உண்டு. அந்தக் கடனைத்தான் அவர் ஒரு வாரமாக மனதிலேயே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"வட்டியோட மாசம் ஒம்பதாயிரம் கட்டணும். படிச்சிட்டு வந்தா லாப்ல குடுக்கறது பதினஞ்சு. கைக்கு நிக்கறது ஆறு. ஆறாயிரத்த வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"உன் கம்பெனி சொசைட்டி லோன் எப்ப முடியும் நைனா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். முந்தின நாள் எழில்தான் ஓட்டியிருந்தாள். கொஞ்சம் இருக்கும் என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவளைத் திட்டிக்கொண்டே கிளம்பினார்.

கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கமாக வரிசையில் நிற்கும். அந்த வரிசையிலிருந்து ஒன்று சட்டென்று வெளியே திரும்பியது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. நிரந்தரத் தொழிலாளி சர்வீஸில் இருக்கும்போது இறந்துவிட்டால், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுப்பார்கள். வாரிசு வேலை என்று பெயர். யூனியன் போராடி வாங்கி ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. ஒருவருக்கு, ஒரே ஒரு தடவை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும், பாடை எடுக்கும் முன்பே யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்டுவிடுவார்: பர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா? பர்மனன்ட் என்றால் கேட்டவரின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் மற்ற வீடுகளில் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் படத்திறப்பு அன்று அது வெளியே வந்தது. தெருவில் பந்தல் போட்டு, பஞ்சசீலம் சொல்லி, அவர் படத்துக்கு மாலை போட்டு முடித்ததும் அவருடைய அண்ணன் துரை மாமா மைக்கை வாங்கினார். தம்பியின் குடும்பம் நடுத்தெருவில் நிற்காது, எழில்மொழிக்கு வயது பதினெட்டு முடிந்துவிட்டது, கம்பெனியில் பேசியாகிவிட்டது, ஆபீஸிலேயே டிரெய்னியாக எடுத்துக்கொள்கிறார்கள், ஆரம்பமே இருபத்திரண்டாயிரம் என்றார். வந்திருந்த தொழிலாளர்கள் கை தட்டினார்கள். படத்திறப்பில் கை தட்டியதை அன்றுதான் பார்த்தேன். எழில் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

துரை மாமாவைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். துறைமுகத்தில் முப்பது வருடம் கான்ட்ராக்டில் மூட்டை சுமந்தவர். ஒரு நாள்கூட நிரந்தரம் ஆகவில்லை. தம்பிக்கு வேலை நிரந்தரமான அன்று வியாசர்பாடியில் தெரு முழுக்க பிரியாணி போட்டவர் அவர்தான். அந்த வேலையை வேண்டாம் என்று ஒரு வீடு சொல்லக்கூடும் என்பது அவர் கற்பனைக்கே எட்டாது.

மறுநாளே வந்தார். எழில் அந்தப் படிப்பைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அவள் அப்பாவும் வண்டியில் நெட்டுக்குப்பம் போய் ஆற்று இறால் வாங்கி வருவார்கள். இரண்டு வருடமாக இறால் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் ஒரு அம்மா, அடியில் கையை வைக்கவே முடியவில்லை, காக்கா ஆழி பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது என்று சொல்லி, கருப்பாகச் சின்னச் சிப்பிகள் கொத்தாய் ஒட்டியிருந்த ஒரு கட்டியை எழிலிடம் காட்டியிருக்கிறாள். எங்கோ வேறு நாட்டுச் சிப்பியாம், கப்பல் தண்ணீரோடு வந்ததாம். எழில் அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்து வந்து குளியலறையில் வைத்தாள். மூன்றாம் நாள் வீடே நாறியது. அவள் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினார். அவள் அழுதுவிட்டு அடுத்த ஞாயிறு இன்னொரு கட்டி கொண்டுவந்தாள். இந்த முறை மொட்டை மாடியில்.

துரை மாமா தனியாக வரவில்லை. பின்தெருவிலிருந்து பெனிஷாவை அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. வரை படித்தவள். ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லாபில் வேலை. உயிரியல் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அவள்தான் சாட்சி.

"சொல்லு கண்ணு. இன்னா சம்பளம் உனக்கு?"

"பதினாலு."

"லோனு?"

"மாசம் ஏழு. இன்னும் நாலு வருசம் கீது."

துரை மாமா என்னைப் பார்த்தார். "ஏழாயிரம். நெட்டுக்குப்பத்துல மீன் அரிஞ்சா கூட அத்தவிட ஜாஸ்தி வரும். கேட்டுக்கினியா?"

பெனிஷா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "பெரியவரே, சேராதன்னு சொல்றதுக்கு என்ன இட்டுகினு வந்தீங்க. கணக்கு கேட்டீங்க, சொல்லிட்டேன். நஷ்டம்தான். எங்கம்மா டெய்லி சொல்லிக் காட்டுது. ஆனா நாளைக்கே மைக்ராஸ்கோப்ப வுட்டுட்டு வா, உன் ஆபீசுல இருபத்திரண்டு தரேன்னு கூப்டு பாருங்க. வர மாட்டேன்."

"தோ பார்றா. பைத்தியம்" என்றார் துரை மாமா.

"ஆமா. லோன் போட்டு வாங்கன பைத்தியம்" என்றாள் அவள். எழில் சிரித்தாள். அவள் அப்பா போனபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவள் வேறு ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை சேர்க்கை, ஒரிஜினல் சான்றிதழ்களோடு வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். நான் பீரோவைத் திறந்தேன். பிளஸ் டூ மார்க் ஷீட் இல்லை. டி.சி. இல்லை. சாதிச் சான்றிதழும் இல்லை.

எழில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேன். பெரிப்பாவிடம் கொடுத்துவிட்டேன் என்றாள். நேற்றே அவர் கம்பெனியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டாராம்.

இதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். இங்கே வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் ஜெராக்ஸ் கொடுக்க மாட்டார்கள். ஒரிஜினலைக் கொடுத்தால்தான் ஆள் ஓடிவிட மாட்டான் என்று கம்பெனிக்காரன் நம்புவான், மனு மேலே போகும் என்று ஒரு நம்பிக்கை. கான்ட்ராக்டர்கள் செய்து வைத்த பழக்கம் அது. நிரந்தர வேலைக்கு அது தேவையே இல்லை. ஆனால் துரை மாமா அறிந்ததெல்லாம் கான்ட்ராக்டர்களைத்தான். தம்பி மகளின் வேலை கெட்டியாகட்டும் என்று அவள் படிப்பை முழுசாகக் கொண்டுபோய் அடகு வைத்த மாதிரி வைத்துவிட்டு வந்திருந்தார். எழில் அது தெரிந்தேதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"ஏன்டி குடுத்த?"

"நைனா சொன்ன கணக்கு சரிதான மா."

"சரிதான்."

"அப்பறம் இன்னா? கடன் வாங்கி நான் படிக்கப் போயிட்டா நீ இன்னா துன்னுவ? அஞ்சு வருசம் பெரிப்பாகிட்ட கையேந்திகினு நிப்பியா?"

அவள் கையிலிருந்த ஈரப் புடவையை வாங்கி நானே உதறிப் போட்டேன். என் கணவர் போட்ட கணக்கில் பிழை எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும். பதினைந்து, ஒன்பது, ஆறு. பெனிஷாவும் அதையேதான் சொன்னாள். ஒரு வாரமாக அந்த எண்களோடு நானும் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன், அவை அசையவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள்கள் இரண்டே பேர். முதலில் அவர், பிறகு எழில்.

"உங்க நைனா கணக்குல நான் சோறு துன்ற ஆளு" என்றேன். "சம்பாரிக்கிற ஆளா என்ன சேக்கவே இல்ல. உங்க பெரிப்பா கணக்குலயும் இல்ல. உன் கணக்குலயும் இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"வாரிசுன்னா நீ மட்டும்தானா? பொண்டாட்டி வாரிசு இல்லியா? நானும் பிளஸ் டூ பாஸ்தான். எனக்கு நாப்பத்து மூணு. கம்பெனில அம்பத்தெட்டு வரிக்கும் சர்வீஸு. நான் போறேன் வேலைக்கி."

"நீயா? அங்க எல்லாம் ஆம்பளைங்க மா."

"இவ்ளோ நாளு ஒரு ஆம்பளையோடதான் குடும்பம் நடத்தினேன். ஒன்னும் கடிக்கல."

அவள் அழ ஆரம்பித்தாள். அழுகையோடு சண்டையும் போட்டாள். வேண்டாம் என்றாள், உனக்கு முட்டி வலி என்றாள், ஊர் சிரிக்கும் என்றாள், கடைசியாக, கணக்கு அப்போதும் நஷ்டம்தான் என்றாள். ஆமாம், நஷ்டம்தான் என்று நானும் சொன்னேன். நஷ்டம் என்று தெரிந்தும் நம் தெருவில் எத்தனை பேர் மகளுக்கு நாலு லட்சத்தில் கல்யாணம் செய்கிறார்கள், அதில் எவனாவது கைக்கு எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் பார்க்கிறானா என்று கேட்டேன். எனக்கே அதுவரை அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

புதன்கிழமை காலை மஜீது பாயோடு கம்பெனி கேட்டுக்குப் போனேன். மஜீது என் கணவரோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர், யூனியன் கமிட்டியில் இருப்பவர். என்னை அண்ணி என்பார். கேட்டில் பெயர் எழுதிக் கொடுக்கும்போது, "அண்ணி, ஒருவாட்டி யூஸ் பண்ணா பண்ணதுதான். அப்பறம் பாப்பாவுக்கு வாங்க முடியாது. நல்லா ரோசிச்சிக்கிங்க" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

உள்ளே வேலை ஆள்களைப் பார்க்கும் அதிகாரி பாலகணேஷ் என்று ஒரு இளைஞர். தெற்கத்திப் பேச்சு. மரியாதையானவர். எழிலின் சான்றிதழ்கள் அவர் மேஜை மீதே ஒரு உறையில் இருந்தன. இதை ஏன் கொடுத்தார்கள் என்று தனக்கே புரியவில்லை, ஜெராக்ஸ் போதுமே என்று சொல்லி அவரே எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

ஒப்பந்தப்படி மனைவிக்கும் உரிமை உண்டு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் ஆபீஸ் டிரெய்னி என்பது முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். எனக்கு ஹெல்ப்பர் வேலைதான் தர முடியும், ஸ்டோர்ஸில், பதினெட்டாயிரம். மாதம் நாலாயிரம் குறைகிறது. டிரெய்னிக்கு இருக்கிற மாதிரி மேலே போகவும் வழியில்லை.

"யோசிச்சுப் பாருங்கம்மா. அந்தப் புள்ளைக்கு இங்க இருபது வருசத்துல எவ்வளவு வரும் தெரியுமா? அந்தப் படிப்புல அதுல பாதி வராது."

"தெரியும் சார். வூட்ல எல்லாரும் கூட்டிப் பாத்துட்டாங்க."

"பொறவு எதுக்கு?"

"அவ சம்பளத்த அவ சம்பாரிச்சிக்குவா சார். இது அவங்க அப்பாவோட சம்பளம். இத்த நான்தான் சம்பாரிக்கணும்."

அவர் மஜீதைப் பார்த்தார். மஜீது மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி ஒரு புது விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். கெங்கம்மா, க/பெ. அன்புமணி என்று எழுதினேன். வெளியே வந்ததும் மஜீது பாய் டீ வாங்கிக் கொடுத்தார். அன்பு அண்ணன் இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ என்று பெருமூச்சு விட்டார்.

அன்று சாயங்காலம் அதையே துரை மாமாவும் கேட்டார், கோபமாக. வாசலில் நின்றே கத்தினார், தெருவே கேட்டது. பொன் முட்டை இடும் கோழியை அறுத்துவிட்டேன் என்றார். தாய்க்கும் மகளுக்கும் திமிர் என்றார். கடைசியில் குரல் உடைந்து, "என் தம்பி இருந்திருந்தா இந்நேரம் அவள அந்தக் கம்பெனில கொண்டுபோய் உக்கார வெச்சிருப்பான்" என்றார்.

எனக்கு அவர் மேல் இரக்கம்தான் வந்தது. ஆனால் அந்தப் பேச்சை மட்டும் விட முடியவில்லை. என் கணவர் இறந்த நாளிலிருந்து எல்லோரும் அவர் வாயில் தங்கள் வார்த்தையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்க வைத்திருப்பார் என்றவர்களும் உண்டு. நானும் போட்டிருக்கலாம், அவர் என்னிடம் ரகசியமாகச் சரி என்று சொல்லிவிட்டுத்தான் போனார் என்று சொல்லியிருந்தால் மாமா அந்த இடத்திலேயே அடங்கியிருப்பார். பொய் தொண்டை வரை வந்தது.

"அவரு இன்னா சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியாது மாமா. உங்களுக்கும் தெரியாது. திரும்பிக் கேக்க முடியாத ஆள சாட்சிக்குக் கூப்டாதீங்க. இது என் முடிவு. திட்றதுன்னா என்னத் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. படியில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பல மாதம் வரவில்லை.

வியாழக்கிழமை எழிலோடு பஸ்ஸில் போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். முதல் பணத்தைக் கட்ட என் வளையலை வைத்தேன். பி.எஃப். பணம் வந்தது; சொசைட்டிக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் அதுவே சரியாகப் போயிற்று. வேலையில் சேர்ந்து மூன்று மாதச் சம்பளச் சீட்டு கையில் வந்த பிறகுதான் பாங்குக்குப் போக முடிந்தது. கல்விக் கடனில் பெற்றோர் ஒருவர் கூடவே கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கு வருமானம் இருக்க வேண்டும் என்பார்கள். என் மகளின் கடனுக்கு என் சம்பளம்தான் ஆதாரம்.

மேனேஜர் ஒரு பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, இன்ஜினியரிங், நர்சிங் என்றால் தயங்காமல் கொடுக்கலாம், இந்தப் படிப்புக்கு வேலை கிடைப்பது கஷ்டம் என்றார். படித்து முடித்தால் என்ன சம்பளம் வரும் என்று விசாரித்தீர்களா என்று கேட்டார்.

"பதினஞ்சாயிரம் வரும் மேடம்."

கூட்டிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார்.

"அதுல எப்படிம்மா கட்டுவீங்க?"

"பாதி அவ கட்டுவா. பாதி நான் கட்டுவேன். அவளுக்கு வேல கெடைக்கலன்னா முழுசும் நான் கட்டுவேன். எனக்கு இன்னும் பதினஞ்சு வருசம் சர்வீஸ் கீது. அதுக்குள்ள முடிஞ்சிடும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற பாங்குக்குப் போறேன்."

அவர் படிவத்தை எடுத்து வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினார். எழில் ஒவ்வொரு புள்ளியிலும் போட்டாள். அவளுக்குக் கீழே நான் போட்டேன்.

இப்போது அவள் மூன்றாவது வருடம். சேற்றில் முழங்கால் வரை இறங்கி நிற்கும் படங்களை அனுப்புகிறாள், நண்டையும் புழுவையும் பிடித்துக் காட்டுகிறாள், எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பெயர் சொல்கிறாள். படித்து முடித்து என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. பதினைந்தாயிரம் இப்போது பதினாறு ஆகியிருக்கலாம் என்று பெனிஷா சொல்கிறாள். அவள் கடன் இன்னும் முடியவில்லை. துரை மாமா மறுபடி வர ஆரம்பித்துவிட்டார். வந்தால் முதல் கேள்வி, கடன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான். வட்டியோடு சேர்த்துச் சொல்வேன். தலையில் அடித்துக்கொள்வார். நான் சோறு போடுவேன். அவர் சாப்பிடுகிற வரை அவரும் வாதத்தை விடுவதில்லை, நானும் விடுவதில்லை. யார் கேட்டாலும் அந்தத் தொகையை நான் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை.

ஸ்டோர்ஸில் கையுறை, கண்ணாடி, போல்ட், ஆயில் எல்லாம் என் கையால்தான் வெளியே போகின்றன. முதல் மாதம் என்னைத் தாண்டிப் போய் உள்ளே இருக்கும் ஆணிடம் கேட்டவர்கள் இப்போது என்னிடம்தான் நிற்கிறார்கள். நான் சேரும்போது அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. யூனியனில் எழுதிக் கொடுத்தேன், பாலகணேஷ் சாரிடம் எழுதிக் கொடுத்தேன், அவருக்கு அடுத்து வந்தவரிடமும் எழுதிக் கொடுத்தேன். இன்றும் கிடையாது. கேன்டீன் வரை நடந்துதான் போய் வருகிறேன்.